பத்தில் நிற்காத எண்

மதிய வெயில் கண்ணாடிக் கதவைத் தாண்டி வரவேற்பு மேசைவரை நீண்டு கிடக்கிறது. மேசையில் இருப்பவள் கைபேசியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. இலவசத் தளமொன்றில் நிரல் எழுதக் கற்கிறாள். ஒன்றிலிருந்து பத்துவரை எண்ணச் சொன்னால், அவள் எழுதிய நிரல் பத்தில் நிற்காமல் ஓடிக் கைபேசியையே முடக்கிவிடுகிறது. அதனால் அதை நோட்டில் பென்சிலால் எழுதி, படமெடுத்து, புதியவர்கள் சந்தேகம் கேட்கும் பக்கத்தில் புனைபெயரில் போட்டிருக்கிறாள். நாளைக் காலை அலுவலகம் வைக்கும் தேர்வில் தேறினால் உள்ளே நிரலாளர் வேலை. இல்லாவிட்டால் வருகிறவன் போகிறவனுக்கெல்லாம் வணக்கம் வைத்தே காலம் போய்விடும். கேலியாக நாற்பது பதில் வந்தும் விடை வரவில்லை. உள்ளேயிருந்து நிரலாளர்கள் மூவர் சிரித்துக்கொண்டே வருகிறார்கள். “பத்துல நிக்கலையாம், பென்சில்ல எழுதி போட்டோ புடிச்சுப் போட்டிருக்குடா ஒரு ஜென்மம்.” “வாத்தியார்கிட்ட ரைட்டு வாங்கிட்டுத்தான் போட்டிருக்கும், நல்லாப் பாரு.” அவள் முழங்கையை மெல்ல நகர்த்தி நோட்டை மறைக்கிறாள். “ஏன் நிக்கலைன்னு யாரும் சொல்லலையா சார்?” “சொன்னா மட்டும் புரிஞ்சிடப் போகுதா? நீயும் கீழ ஒரு கமெண்ட் போடும்மா, சும்மா தமாஷுக்கு.” மூவரில் குழுத்தலைவன் தன் கைபேசியை நீட்டுகிறான். நாளைக்கு விடைத்தாள் திருத்தப்போகிறவன் அவன்தான். மூவரும் காத்து நிற்கிறார்கள். எட்டாம் வகுப்பில் கணக்கு வாத்தியார் அவளை எழுப்பி நிறுத்திச் சொன்னதுதான் வேறெதற்கும் முந்திக்கொண்டு விரலுக்கு வருகிறது: நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு. குழுத்தலைவன் அதைச் சத்தமாக வாசித்துவிட்டு அனுப்புகிறான். “பாத்தியா, உனக்குக்கூட எழுத வருது.”