பதினேழாம் நம்பர் ஸ்பேனர்

ஒரு குமிழிக்காக அவன் குனிந்து உட்கார்ந்து வேண்டிக்கொண்டிருந்தான்.

பெரிதாக வேண்டாம். கடுகளவு போதும்.

தெரிந்த சாமிகளிடமெல்லாம் கேட்டாயிற்று. பனிமய மாதாவிடம் மட்டும் கேட்கவில்லை. அவள் வில்மாவுக்கு வேண்டப்பட்டவள்.

எதிரே இருந்தது வில்மா பற்றவைத்த செம்புக் குழாய். அதன் இணைப்புகளில் பிரஷ்ஷால் சோப்பு நுரையைத் தடவினான். உள்ளே அடைத்த வாயு எங்கேயாவது கசிந்தால் அங்கே நுரை ஊதும்.

ஊதவில்லை.

ஐ.டி.ஐ.யின் குளிர்சாதனப் பிரிவில் பாடம் எடுக்கும் மாசானம் சாருக்கு ஒரு வழக்கம். பரீட்சையன்று காலையில் பற்றவைத்த குழாய்க்குள் நைட்ரஜனை ஏற்றி மூடிவிட்டு எல்லோரையும் சாப்பிட அனுப்புவார். திரும்பி வரும்போது அழுத்தம் காட்டும் கேஜில் முள் நின்ற இடத்திலேயே நிற்க வேண்டும். இறங்கியிருந்தால் எங்கே ஓட்டை என்று இன்னொருவர் தேட வேண்டும். அந்த இன்னொருவர் யார் என்பதில்தான் சாரின் மூளை இருந்தது. ஒருவரையொருவர் கண்டால் ஆகாதவர்களாகப் பார்த்து ஜோடி சேர்ப்பார்.

"கூட்டாளி கண்ணுக்குக் குமிழி தெரியாதுல" என்பார்.

அவனுக்கு வில்மா. வில்மாவுக்கு அவன். இந்தப் பொருத்தத்துக்கு ஜாதகமே தேவைப்படவில்லை.

துறைமுகத்துப் பக்கம் மீன் பதப்படுத்தும் கிடங்கில் வேலை. இங்கிருந்து ஒரே ஒரு ஆளைத்தான் கேட்டிருந்தார்கள். மற்றவர்கள் நேற்றைய சுற்றிலேயே கழன்று, இன்று வேடிக்கை பார்க்கிறார்கள். மிச்சம் இவர்கள் இருவர்.

இவர்கள் பேசி ஒரு வருஷம் ஆகிறது. முதல் நாள் அவள் உள்ளே வந்தபோது, "தையல் கிளாஸ் மாடில மேடம்" என்றான். பிரிவே சிரித்தது. அவள் சிரிக்கவில்லை. மறுநாள் செம்புக் குழாயைக் கோணலாக அறுத்துவிட்டு அவன் திருதிருவென்று நின்றான். அவள் எட்டிப் பார்த்தாள்.

"கரும்பா?"

அவ்வளவுதான். அன்றிலிருந்து அவன் பெயர் அதுதான். டீக்கடைக்காரர்கூட "கரும்புக்குச் சீனி கம்மி" என்றுதான் கிளாஸை நீட்டுகிறார். பெற்றவர்கள் வைத்த பெயர் சர்டிபிகேட்டில் பத்திரமாக இருக்கிறது. யாரும் தொடுவதில்லை.

இன்று காலை அவள் எல்லை தாண்டிவிட்டாள்.

நைட்ரஜன் ஏற்றுவதற்கு முன்னால் அவன் கை கழுவப் போனான். திரும்பி வந்தால், அவன் குழாய்க்கும் கேஜுக்கும் நடுவில் இருக்கும் நட்டில் அவள் ஸ்பேனரை வைத்துக்கொண்டு நின்றாள்.

"ஏய், கைய எடு. கழத்தப் பாக்கியா?"

வெடுக்கென்று ஸ்பேனரைப் பிடுங்கிக்கொண்டான்.

சார் நாற்காலியில் இருந்தபடியே சத்தம் போட்டார். "ஏ பிள்ள, தில்லுமுல்லு எல்லாம் இங்க ஆவாது. ஒன் எடத்துக்குப் போ."

அவள் வாயைத் திறந்தாள். மூடிக்கொண்டாள். போய் நின்றாள். சார் நாற்காலிக்குப் பக்கத்திலிருந்த நைட்ரஜன் சிலிண்டரைத் திறந்தார்.

நல்ல நேரத்தில் வந்து சேர்ந்தோம் என்று மதியம் அவன் ஒரு பரோட்டா கூடுதலாகச் சாப்பிட்டான்.

இப்போது அவன் முள் நின்ற இடத்தில் நிற்கிறது. அப்படியும் விடாமல், அடிப்பிடித்த பாத்திரத்தைத் தேய்ப்பதுபோல் அவன் குழாயைத் தேய்த்து வில்மா தேடியிருந்தாள். கடைசியில் கசப்பு மாத்திரையை முழுங்குகிற முகத்தோடு "இல்ல" என்றாள்.

அவள் முள் பாதிக்கு மேல் இறங்கியிருந்தது.

எங்கோ கசிகிறது. பற்றவைத்த இடத்தில் கசிந்தால் அவள் பெயில். வேலை அவனுக்கு. நட்டில் என்றால் ஒன்றுமில்லை, இறுக்கிவிட்டு மறுபடி ஏற்றலாம். சாருக்கு முட்டிவலி. எழுந்து வந்தெல்லாம் பார்க்க மாட்டார். தேடியவன் சொன்னதுதான் தீர்ப்பு.

தேடினான்.

ஒவ்வொரு இணைப்பும் குழாய்க்கு மோதிரம் போட்டதுபோல் இருந்தது. பார்க்கப் பார்க்க எரிச்சலாக வந்தது. மனுஷி என்றால் ஓர் இடத்திலாவது கை நடுங்க வேண்டாமா?

வேறு இடமில்லாமல் கடைசியாக நட்டில் நுரையை வைத்தான்.

ஆப்ப மாவு மாதிரி பொங்கியது.

விரலை வைத்தான். நட்டு திரும்பியது. விரலுக்கே திரும்பியது.

கையால் முறுக்கியதோடு சரி. ஸ்பேனர் படவே இல்லை.

தண்ணீர் பாட்டில் மூடியையே இரண்டு தடவை இறுக்குகிறவள். இவளா மறந்தாள்?

பிறகு அவனுக்குத் தன் நட்டு ஞாபகம் வந்தது. காலையில் அதையும் கையால்தான் முறுக்கினான். வந்து இறுக்கிக்கொள்ளலாம் என்று கை கழுவப் போனான். வந்தபின் சண்டை போட்டான். இறுக்கவில்லை.

ஆனால் அவன் முள் அசையாமல் நிற்கிறது. காலையில் அந்த நட்டில் ஸ்பேனர் வைத்தவள் ஒருத்திதான்.

பின் பாக்கெட்டில் ஏதோ குத்தியது. காலையிலிருந்தே குத்திக்கொண்டுதான் இருந்தது. பதினேழாம் நம்பர் ஸ்பேனர். பிரிவுக்கே அது ஒன்றுதான்.

"என்னல கரும்பு, சிக்கிச்சா?" என்றார் சார்.

வில்மா சுவரோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள். அவன் என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியும் என்பதுபோல் தரையைப் பார்த்தாள். இந்த முறை வாயைத் திறக்கக்கூட அவள் தயாராக இல்லை.

"சிக்கிட்டு சார்."

மோதிரங்களை இன்னொரு முறை பார்த்தான். ஒரு வார்த்தை போதும்.

"பத்தவச்சதுல இல்ல சார். நட்டுல. டைட் வைக்கல."

"ஸ்பேனர எங்கல?"

பாக்கெட்டிலிருந்து எடுத்து நீட்டினான். பிரிவே சிரித்தது. இத்தனை நாள் பாடுபட்டும் அவனுக்கு இவ்வளவு பெரிய சிரிப்பு கிடைத்ததில்லை.

வில்மா வந்து ஸ்பேனரைப் பிடுங்கினாள். காலையில் அவன் பிடுங்கிய அதே வெடுக்.

"தள்ளு கரும்பு."

தள்ளி நின்றான்.

அவள் தன் குழாயைத் தாண்டி அவன் குழாயிடம் போனாள். நட்டில் ஸ்பேனரை வைத்து ஓர் அழுத்து அழுத்திப் பார்த்தாள்.

அசையவில்லை.

அதன் பிறகுதான் தன் நட்டுக்கு வந்தாள்.