தணிகாசலத்துக்கு மூன்று நாள் கெடு

ஒரு கணினிக்குள் மிட்டாய்க்கடை இணையதளமும் கல்யாண வரன் இணையதளமும் அடுத்தடுத்துக் குடியிருந்தன. எது எத்தனை நாள் இருக்கலாம் என்பது போன்ற விதிகளை, ஒவ்வொன்றுக்கும் தனியாக ஓர் அமைப்புக் கோப்பு எழுதி வைத்திருந்தது.

ஒருநாள் பொதுக் கோப்பு என்று ஒன்று வந்து இறங்கியது. "ரெண்டு பேர் எதுக்குப்பா? எல்லாத்தையும் என்கிட்ட கொடுங்க" என்றது.

வரன் கோப்புக்கு மனமில்லை. நாற்பது வயது தணிகாசலத்தின் விவரத்தை நான்கு வருடமாகக் காத்து வந்தது அது. மறுநாள்தான் ஒரு பெண் வீட்டார் பார்ப்பதாக இருந்தது. மறுக்கக் கூச்சப்பட்டு ஒப்படைத்தாலும், விதிகள் எழுதிய தன் பழைய தாளை மடித்து வைத்துக்கொண்டது.

மறுநாள் தணிகாசலத்தின் படத்தின் மேல் இப்படி இருந்தது: "தயாரித்து மூன்று நாள் கடந்துவிட்டது. விற்பனைக்கு இல்லை."

"அண்ணே, என்ன இது!" என்று அலறியது வரன் கோப்பு.

"மிட்டாய் மூணு நாளுன்னு எழுதியிருந்துச்சு. உனக்கும் அதையே வச்சேன்."

"அல்வா கெட்டுப்போகும்ணே. மாப்பிள்ளை கெட்டுப்போவாரா?"

"நல்லவேளை, உன் கணக்கை எனக்கு வைக்கல" என்று சிரித்தது மிட்டாய்க் கோப்பு. "என் அல்வா நாலு வருஷம் கண்ணாடிப் பெட்டியில இருந்திருக்கும்."

வரன் கோப்பு அவசரமாகப் பழைய தாளை எடுத்து மாட்டியது. தணிகாசலம் திரும்பி வந்தார். அந்த அறிவிப்பைப் பார்த்துவிட்டிருந்த பெண் வீட்டார் சிரித்துக்கொண்டே அவருக்குப் போன் செய்தார்கள்.

"அப்போ எனக்கு என்னதான் வேலை?" என்று பொதுக் கோப்பு முகம் வாடியது.

இரண்டும் யோசித்தன. "மணி சொல்லுங்கண்ணே. அது எங்க ரெண்டு பேருக்கும் ஒண்ணுதான்."

அடுத்த மாதம் மிட்டாய்க்கடைக்குத் தணிகாசலம் பெயரில் ஐந்நூறு லட்டு ஆர்டர் வந்தது.

"முகூர்த்தம் ஆறரைக்கு" என்றது பொதுக் கோப்பு மிடுக்காக. "அஞ்சரைக்கெல்லாம் லட்டு மண்டபத்துல இருக்கணும்."