வெர்னாவின் பச்சை ஜெல்லி

"கோவமா இருந்தா ரெண்டு திட்டு திட்டிடு வெர்னா, இப்படிச் சும்மா பாத்துட்டு நிக்காதே. அது டுவேனுக்கு அனுப்பினது. கை தவறி குரூப்புக்குப் போயிடுச்சு!"

பனி அப்பிய பூட்ஸைக் கழற்றியபடியே வாசலில் ஒற்றைக் காலில் தள்ளாடினாள் ஆர்டிஸ். வேறு சமயமாக இருந்தால் வெர்னா விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். இப்போது உதடு அசையவில்லை.

ஆர்டிஸ் தன் கணவன் டுவேனுக்கு எழுதி, காலையில் சர்ச் குழுவில் ஊரே படித்த மெசேஜ் இதுதான்: "டுவேன், ஞாயித்துக்கிழமை விருந்துக்கு வெர்னா மறுபடியும் அந்தப் பச்சை ஜெல்லியோடதான் வருவா, கேரட் துருவிப் போட்டு. போன தடவை மாதிரியே நாப்கின்ல சுருட்டிப் பாக்கெட்ல போட்டுக்க."

பின்னாலேயே இன்னொன்று: "ஐயோ மன்னிச்சிடுங்க! டுவேனுக்கு அனுப்பினது, கை தவறி இங்க வந்திடுச்சு."

"வருஷா வருஷம் கிண்ணம் காலியாத்தானே திரும்பி வந்துச்சு," என்றாள் வெர்னா மெல்ல. "எல்லாருக்கும் அவ்வளவு பிடிக்குதேன்னு போன வருஷம் பெரிய கிண்ணமா வேற வாங்கினேன்டி."

ஆர்டிஸ் பூட்ஸைச் சுவரோரம் ஒதுக்கி வைத்தாள். டுவேனுக்கு இதயத்தில் அறுவை சிகிச்சை நடந்த குளிர்காலம் முழுக்க, சாயங்காலமானால் சூடான சாப்பாட்டோடு வந்து நின்றவள் இந்த வெர்னாதான். இவளே பேசாமல் போய்விட்டால் அப்புறம் ஊரில் யார் இருந்து என்ன?

அமெரிக்காவின் வடக்கே இருக்கும் எங்கள் மினசோட்டாவில் யாரும் யாரையும் முகத்துக்கு நேரே குறை சொல்வதில்லை. வாயில் வைக்க முடியாத பண்டத்தைத் தின்றாலும் "வித்தியாசமா இருக்கு" என்போம். அதைவிடக் கடுமையாகத் திட்ட எங்களுக்குத் தெரியாது.

"காபி குடிக்கிறியா?" என்றாள் வெர்னா.

"வேண்டாம், வேண்டாம்."

"கொஞ்சம்?"

"உனக்கு எதுக்கு சிரமம்?"

மூன்றாவது முறை கேட்ட பிறகு வாங்கிக்கொள்வதுதான் முறை. கேட்பாளா? வெர்னா ஜன்னல் பக்கம் திரும்பி, உறைந்து கிடந்த ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். கேட்காவிட்டால் இந்தச் சிநேகிதம் இன்றோடு சரி.

"அரை கப்பாவது குடிச்சுட்டுப் போயேன்."

"அரை கப்னா சரி!" ஆர்டிஸ் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள். அழுகையும் வந்துவிட்டது. நடிப்பில்லை, நிஜ அழுகை.

கறுகறுவென்று ஆவி பறக்கும் காபியை ஊற்றினாள் வெர்னா. "நான் போட்டா இப்படித்தான், கெட்டியாப் போயிடும். சர்ச்சுல நீ போடறது வித்தியாசமா இருக்கும்."

மூன்றாவது முறை கேட்டுவிட்ட சந்தோஷத்தில் ஆர்டிஸ் அதைக் காதில் வாங்கவில்லை.

"நீ வேணும்னே அனுப்பலையே?" என்றாள் வெர்னா.

"டுவேன் பேரும் குரூப் பேரும் போன்ல அடுத்தடுத்து நிக்குதுடி," என்றாள் ஆர்டிஸ், கப்பைப் பார்த்துக்கொண்டே.

"நல்லவேளை, எனக்கு அந்தத் தொல்லை இல்ல. என் புருஷன் கென்தான் செல்போனைத் தொடவே மாட்டானே. எதுன்னாலும் கத்தித்தான் சொல்லணும்." வெர்னா அவள் தோளைத் தட்டினாள். "விடு. இந்த வருஷம் ஜெல்லி கிடையாது. பன் சுட்டுக் கொண்டு வரேன், போதுமா?"

ஆர்டிஸ் அவளை இறுகக் கட்டிக்கொண்டாள். பூட்ஸை மாட்டிக்கொண்டு காருக்கு ஓடினாள்.

ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போனை எடுத்தாள். அதில் இன்னொரு குழு இருந்தது. வெர்னாவைத் தவிர சர்ச் பெண்கள் எல்லாரும் அதில் உண்டு. யார் 'கை தவற' வேண்டும் என்று போன வாரம் சீட்டுக் குலுக்கிப் பார்த்து, ஆர்டிஸின் பெயர் வந்திருந்தது.

"முடிஞ்சது. பாவம், நம்பிட்டா. ஜெல்லிக்குப் பதிலா பன்!" என்று தட்டிவிட்டாள். கைதட்டல்களும் இதயங்களும் வந்து குவிந்தன.

போன் மறுபடியும் ஒலித்தது. இப்போது வந்தது சர்ச் குழுவில். அனுப்பியவள் வெர்னா.

"கென், ஞாயித்துக்கிழமை காபி மறுபடியும் ஆர்டிஸ்தான் போடறா. வழக்கம்போல வெறும் வெந்நீர். மறக்காம நம்ம பிளாஸ்க்கை எடுத்துக்க."

பின்னாலேயே இன்னொன்று: "ஐயோ மன்னிச்சிடுங்க! கென்னுக்கு அனுப்பினது, கை தவறி இங்க வந்திடுச்சு."

ஆர்டிஸ் மெல்லத் தலையை நிமிர்த்தினாள். சமையலறை ஜன்னலில் வெர்னா நின்று புன்னகையோடு கையாட்டிக்கொண்டிருந்தாள். பக்கத்தில், செல்போனைத் தொடவே தொடாத கென், பிளாஸ்க்கைக் கழுவிக்கொண்டிருந்தான்.