அவர் சமப்படுத்திய பள்ளம்

பேராசிரியர் கைப்பிடியைச் சுற்றச் சொன்னார். அவள் சுற்றினாள்.

கண்ணாடிப் பெட்டியின் ஒரு பக்கச் சுவர் மட்டும் மெல்ல நகர்ந்து மணலை நெருக்கியது.

கைப்பிடி வழுக்கியது. கோபம் வந்தால் அவளுக்கு உள்ளங்கை வேர்க்கும்.

பெட்டியின் முன்கண்ணாடியை முழுக்க மறைத்து ஒரு பேனர். நிலவியல் துறை, மணல் மாதிரி ஆய்வகம். கீழே பெரிய எழுத்தில் பேராசிரியர் தணிகைவேலன். படம் வேறு.

அவள் பெயருக்கு இடம் பற்றவில்லையாம்.

ஒரு காலத்தில் அவளுடைய வழிகாட்டி. வெளிநாட்டில் கூப்பிட்டார்கள், போய்விட்டார். போகும்போது இந்த அறையில் அவர் விட்டுப்போனது உடைந்த ஒரு பெட்டியும் எலிப்புழுக்கையும். அதைக் கூட்டிப் பெருக்கி, கண்ணாடி மாற்றி, மாணவர்களைச் சேர்த்து ஆய்வகமாக்கியவள் அவள்.

போன மாதம் திரும்பி வந்தார்.

இன்று காலை அவள் மேசை வராந்தாவில் கிடந்தது.

"நீ லைப்ரரியில உக்காந்துக்கோயேம்மா" என்றார். வாஞ்சையாகத்தான் சொன்னார். அதுதான் வயிற்றெரிச்சல்.

எதிரே பார்வையிட வந்த குழுவினர் மூன்று பேர் நின்றார்கள். ஆய்வகத்தை இனி யார் பொறுப்பில் விடுவது என்று இன்று எழுதிக் கொடுக்கப் போகிறவர்கள்.

அவர் விளக்கினார். கடலடித் தட்டு ஒன்று இன்னொன்றின் கீழே புகுகிறது. அதற்குப் பின்னால் நிலம் இழுபட்டுக் கிழிகிறது, தாழ்கிறது. கடல் வந்து நிறைகிறது. சேறு படிகிறது. பிறகொரு காலம், இழுத்த பக்கமே நெருக்க ஆரம்பிக்கிறது.

வார்த்தைக்கு வார்த்தை அவள் எழுதியது. பல்லைக் கடித்துக்கொண்டு சுற்றினாள்.

"முதல்ல வெறும் மணல்ல காட்டுறேன். இதோ, தள்ளுற சுவரை ஒட்டித்தான் மேடு எழும்பும், பாருங்க."

வெறும் மணலா?

போன வாரம் முழுக்க இதே சுவரை அவள் எதிர்ப்பக்கம் இழுத்திருந்தாள், மயிரிழை மயிரிழையாக. நடுவில் மணல் வெடித்துத் தாழ்ந்தது. தாழத் தாழ நிரப்பினாள். கோலப்பொடி கலந்த மணல். முதலில் நீலம், பிறகு மஞ்சள், கடைசியாகச் சிவப்பு. கையால் கொட்டினால் குவிந்துவிடும் என்று ஒவ்வொரு பிடியையும் சல்லடையில் சலித்தாள். தும்மல் வந்தால் வெளியே ஓடிப்போய்த் தும்மிவிட்டு வந்தாள். இன்னும் கொஞ்சம் பள்ளம் மிச்சமிருந்தது.

காலையில் அதைத்தான் அவர் பார்த்திருக்கிறார்.

"பசங்க கலரைக் கொட்டி வெச்சிருக்காங்க. நடுவுல அமுங்கி வேற கெடந்துச்சு. மேல வெள்ளை மணலப் போட்டு சமமாக்கிட்டேன்மா." பேனரை ஒட்டிக்கொண்டே சொன்னார்.

குனிந்து கண்ணாடி வழியாக ஒரு பார்வை பார்த்திருக்கலாம். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் சொல்லியிருப்பாள்.

கேட்கவில்லை. அவளும் சொல்லவில்லை.

சுற்றினாள்.

சுவரை ஒட்டி ஒன்றும் எழவில்லை. அவர் விரல் அங்கேயே நீட்டியபடி இருந்தது.

நடுவில் மணல் லேசாக வீங்கியது.

பழைய வெடிப்புகள். மணல் எந்த வழியாக இறங்கியதோ, அதே வழியாக ஏறுகிறது. மேலே எவ்வளவு நிரவினாலும் அடியில் வெடித்தது வெடித்ததுதான்.

இன்னொரு சுற்று. அவர் போட்ட வெள்ளை மணல் இரண்டு பக்கமும் சரிந்தது.

சிவப்பு தெரிந்தது.

குழுவில் இருந்த அம்மாள் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு குனிந்தார். "சுவர் பக்கத்துலன்னு சொன்னீங்களே சார். நடுவுல ஏன் வருது?"

அவர் மணலைப் பார்த்தார். விரலை மடக்கிக்கொண்டார். காலையிலிருந்து முதல் தடவையாக அவள் முகத்தை நேராகப் பார்த்தார்.

"போதும்மா. நிறுத்து."

நிறுத்தினாள்.

பெட்டியின் முன்பக்கம் வந்தாள். பேனரின் ஒரு மூலையை நகத்தால் நெம்பினாள். ஒட்டியது பலமாகத்தான் ஒட்டியிருந்தது. முழுக்க உரித்துவிடக் கை பரபரத்தது.

உரிக்கவில்லை.

கிளம்பிய மூலையை அந்த அம்மாளின் விரல்களில் கொடுத்தாள்.

"நீங்களே உரிச்சு உள்ள பாருங்க மேடம்."

பிறகு திரும்பிப் போய்க் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டாள்.