ஒரு கீறல்கூட இல்லாத வண்டி

"அண்ணே, அஞ்சு மணிக்குள்ள இந்தக் கதவை மாத்தணும். இல்லேன்னா என் கதை முடிஞ்சது!"

பழைய கார்களைப் பிரித்து விற்கும் கடைக்காரர், அவள் கொண்டுவந்த காரை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். இடதுபக்க முன்கதவு மிதிபட்ட தகர டப்பா மாதிரி இருந்தது.

"என்னம்மா ஆச்சு?"

"தூண் ஒண்ணு குறுக்கே வந்துடுச்சு."

கடைக்காரர் சிரிப்பை மீசைக்குள் அடக்கிக்கொண்டார்.

வெந்தயக் கலர் கார். மாமனாருடையது. "இருபத்திரண்டு வருஷமா ஓட்டறேன். ஒரு கீறல் காட்டுங்க பார்க்கலாம்!" என்று தபால் கொடுக்க வருகிறவரைக்கூட அவர் விடமாட்டார்.

மருமகளுக்குத் திங்கட்கிழமை புது வேலை. காலை ஐந்தரைக்கு ஊர்க்கோடியில் இருக்க வேண்டும். அந்நேரத்துக்குப் பஸ் கிடையாது. மூன்று மாதம் கெஞ்சிக் கூத்தாடி, நேற்றுத்தான் சாவி கைக்கு வந்தது. அதுவும் நிபந்தனையோடு. ஒரு கீறல் விழுந்தாலும் சாவி அவரிடம் திரும்பிவிடும். வேலைக்கு முழுக்குத்தான்.

அது போதாதென்று, லைசென்ஸ் வாங்கி ஆறு மாதமான அவளுக்கு, டிக்கி மேல் தாம்பாளம் அகலத்துக்கு ஒரு 'எல்' போர்டு வேறு கட்டிவிட்டிருந்தார். நினைக்க நினைக்க அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"உங்க அதிர்ஷ்டம், இதே மாடல், இதே கலர்ல ஒரு பழைய காரோட கூடு கிடக்கு. முக்கால்வாசி பிரிச்சாச்சு. நீங்க கேட்கிற கதவும் டிக்கி மூடியும்தான் மிச்சம்."

கொட்டகைக்குப் பின்னால், சக்கரமில்லாமல் செங்கல் மேல் உட்கார்ந்திருந்தது அந்தக் கூடு. கடைக்காரர் கதவில் ஒரு காந்தத்தை வைத்தார். டக்கென்று ஒட்டிக்கொண்டது.

"பாருங்க, அசல் தகடு. பட்டி பூசி மெழுகின கதவுன்னா காந்தம் வழுக்கிடும்."

துருவேறிய போல்ட்டுகளுக்கு மண்ணெண்ணெய் விட்டு, தட்டித் தாஜா பண்ணி, ஒரு வழியாகக் கதவைக் கழற்றினார்.

"சாவி சேருமா அண்ணே?"

"உங்க பழைய பூட்டையே இதுல மாட்டிடறேன். பெத்த கம்பெனிக்கே அடையாளம் தெரியாது. பின்னாடி அந்த போர்டையும் எடுத்துடவா? கண்றாவியா இருக்கு."

"ஐயோ, வேண்டாம்ணே! அவர் போட்ட முடிச்சு. அவிழ்த்தா கண்டுபிடிச்சிடுவார்."

நாலே முக்காலுக்குக் கார் வீட்டு வாசலில் சாதுவாக நின்றது.

ஐந்து மணிக்கு மாமனார் வந்தார். கண் டாக்டரிடம் போனவர், மூக்கின் மேல் புத்தம்புதுக் கண்ணாடியோடு வந்து நின்றார். இன்றைக்குத்தானா அது வர வேண்டும்!

"ஓட்டிப் பார்த்தியாம்மா?"

"பார்த்தேன் மாமா. நல்லாப் போகுது."

காரைச் சுற்றி வந்தார். இடதுபக்கக் கதவைத் திறந்தார். மூடினார். டப்பென்று ஒரே தள்ளலில் மூடிக்கொண்டது.

அப்போதுதான் அவளுக்கு உறைத்தது. அந்தக் கதவு இத்தனை வருஷமும் லேசாகத் தூக்கிப் பிடித்து, இரண்டு தடவை அறைந்தால்தான் மூடும். வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அவர் இன்னொரு தடவை திறந்து மூடினார். டப்.

"மாமா, தப்பு என்னோடதுதான். நானே சொல்லிடறேன். சாவியை நீங்களே..."

"உஸ்ஸ்! மெதுவா. உங்க அத்தை காதுல விழுந்துடப்போகுது."

சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, அவளைக் காரின் பின்பக்கம் கூட்டிப் போனார். 'எல்' போர்டின் முடிச்சை அவிழ்த்து, ஓரத்தை இரண்டு விரலால் தூக்கிக் காட்டினார். அடியில், ஒரு பூசணிக்காய் உட்காரும் அளவுக்குப் பள்ளம்.

"பானெட்டும் மட்கார்டும் நான் ஏற்கெனவே எடுத்தாச்சு. அந்தக் கூட்டுல டிக்கி மூடி இன்னும் இருக்காம்மா?"