அரைச் சுற்று

வட்டம், சதுரம், நட்சத்திரம் என்று பள்ளங்கள் வெட்டிய மரப்பலகையை ஹெலன் டீச்சர் மேஜைமேல் வைத்தார். எந்தப் பிள்ளைக்குச் சிறப்புக் கல்வி தேவை என்று பார்த்து எழுதுவது அவர் வேலை. கட்டைகளை அதனதன் பள்ளத்தில் பொருத்தச் சொன்னதும் மிருதுளா மளமளவென்று பொருத்தி முடித்தாள். அவள் அம்மா கோமளவல்லிக்குப் பெருமை பிடிபடவில்லை.

"இதே மாதிரி பலகை வாங்கி வீட்டுல தினமும் பழக்கினேன் டீச்சர். எம் பொண்ணை யாரும் மக்குன்னு சொல்லிடக் கூடாதுல்ல?"

டீச்சர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். "இது பரீட்சை இல்லம்மா. இவ எங்க திணறுறான்னு தெரிஞ்சாதானே உதவ முடியும்? எல்லாம் சரின்னு எழுதிட்டா, தனியா உக்காந்து சொல்லிக்கொடுக்க ஆள் வராது."

கோமளவல்லியின் முகம் சுண்டிப்போனது. டீச்சர் கட்டைகளை எடுத்துவிட்டு, பலகையை அரைச் சுற்று சுற்றி வைத்தார்.

"இப்ப வை கண்ணு, பார்க்கலாம்."

மிருதுளா நட்சத்திரத்தைப் பழைய மூலைக்கே கொண்டுபோனாள். அங்கே இப்போது வட்டப் பள்ளம் இருந்தது. அழுத்தினாள், தட்டினாள், இறங்கவில்லை. உதவிக்கு நீளப் பார்த்த தன் கையை கோமளவல்லி முந்தானைக்குள் இறுக்கிக்கொண்டாள். மகள் ஜெயிக்க வேண்டுமா, தோற்க வேண்டுமா, எதை வேண்டிக்கொள்வதென்று அவளுக்குத் தெரியவில்லை.

மிருதுளா கட்டையைக் கீழே வைத்தாள். பலகையை இரண்டு கையாலும் பிடித்து, சாவகாசமாக, பழையபடியே சுற்றி வைத்தாள். பிறகு நட்சத்திரத்தை எடுத்தாள்.

"இதை நான் சொல்லித்தரலை டீச்சர்" என்றாள் கோமளவல்லி.