சக்கரம் தரையை விட்டபோது

வேகம் அவரை இருக்கையோடு வைத்து அழுத்தியது.

அவருக்குச் சிரிப்பு வந்தது.

பேரன் எடுத்த மனிதர், ஊரறிந்த பிரியாணி மாஸ்டர், இப்படிப் பல்லைக் காட்டிக்கொண்டு உட்காரக் கூடாது என்று தெரியும். அடக்க முடியவில்லை.

குட்டி விமானம். விமானிகளை விட்டால் உள்ளே இருந்தது அவரும், கல்யாணப் பெண்ணின் சித்தப்பா தண்டபாணியும்தான். நாளை கோவாவில் கல்யாண விருந்து. கலீல் பாய் கை படாத பிரியாணி வேண்டாம் என்று பெண்ணின் அப்பா பிடிவாதமாக நின்று, கம்பெனி விமானத்தையே அனுப்பியிருந்தார்.

கலீல் இதற்குமுன் எந்த விமானத்திலும் ஏறியதில்லை.

சன்னலுக்கு வெளியே புல் ஒரே பச்சைக் கோடாக ஓடியது. சக்கரங்களின் தடதடப்பு உள்ளங்காலில் ஏறி, பல்லுக்குள் கேட்டது.

பிறகு நின்றது.

அவ்வளவுதான். தடதடப்பு இல்லை. அடிவயிறு லேசானது. இறக்கையின் நிழல் இறக்கையை விட்டு விலகிப் புல்மேல் தனியாக ஓடியது.

"யா அல்லாஹ்," என்றார். பயத்தில் அல்ல.

அப்போதுதான் வெள்ளை வெள்ளையாக ஏதோ குறுக்கே வந்தது.

கொக்குகள்.

பின்பக்கம் டொம்மென்று வெடித்தது. விமானம் ஒருபக்கம் சாய்ந்தது. முன்னால் விமானி யாரிடமோ சொல்வதுபோல, "இறக்கிடறேன்," என்றார்.

தரை வந்து மோதியது.

ஓடுதளம் முடிந்துபோனது. புல் முடிந்தது. அடியில் எதுவோ முறிந்தது. வயிற்றால் தேய்த்துக்கொண்டே போய், சேற்றில் மூக்கைக் குத்தி நின்றது.

இறகு கருகும் வாடை.

துணை விமானி முன்னாலிருந்து தவழ்ந்து வந்தாள். சின்னப் பெண். நெற்றியில் ரத்தம். கதவை உதைத்துத் திறந்து, "எறங்குங்க. ஓடுங்க. திரும்பிப் பாக்காதீங்க," என்றாள்.

தண்டபாணி அசையவில்லை. கண்களை இறுக மூடியிருந்தார். கைப்பிடியை விடவில்லை.

"பாய், காலு வரமாட்டேங்குதுங்க."

கலீல் அவருடைய பெல்ட்டை அவிழ்த்தார். கொதிக்கும் அண்டாவை இறக்குகிற பிடியில், மூச்சை அடக்கிக் கட்டித் தூக்கினார். சேறு முழங்கால்வரை இழுத்தது. விழுந்தார்கள். எழுந்தார்கள். முதுகில் சூடு அடித்தபோதும் அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

தீயணைப்பு வண்டி நுரையைக் கொட்டியது. வால்பக்கம் எரிந்த தீ வெள்ளைக்குள் அமுங்கியது.

நாலு பேரும் வெளியே இருந்தார்கள். விமானி புல்லில் மல்லாந்து வானத்தைப் பார்த்துக் கிடந்தார்.

கலீல் உடம்பெல்லாம் சேறாக நின்றார். சிரிப்பு மட்டும் இன்னும் போகவில்லை.

தண்டபாணி அவர் கையை விடாமல் பிடித்திருந்தார். "நல்லவேளைங்க பாய். தரையை விட்டுக் கெளம்பறதுக்குள்ள நின்னு போச்சு."

"கெளம்பிருச்சுங்க."

"இல்லீங்க. ஓடிட்டிருக்கயிலேயேதான்."

"நீங்க கண்ணை மூடியிருந்தீங்க."

தண்டபாணி தலையை ஆட்டிவைத்தார். உயிரைக் காப்பாற்றியவரிடம் என்னவென்று வாதாடுவது?

கலீலின் சட்டைப் பையில் போன் உயிரோடு இருந்தது. மனைவி ஜமீலாவைக் கூப்பிட்டார். நடந்ததைச் சொன்னார்.

அவள் அழுதாள். அழுகையோடு திட்டினாள். "ரயில்ல போங்கன்னு தலையால அடிச்சுக்கிட்டேனே. ஏதாவது ஆகியிருந்தா நான் யாருகிட்டப் போய் நிப்பேன்?" கோவாவைத் திட்டினாள். பிரியாணியைத் திட்டினாள். அவர் அத்தனையும் வாங்கிக்கொண்டார்.

அவள் மூச்சு வாங்கிய இடைவெளியில் மெதுவாகச் சொன்னார்.

"ஜமீலா. நான் பறந்தேன்."

அந்தப் பக்கம் திட்டு நின்றது.

மூக்கை உறிஞ்சினாள்.

"எவ்வளவு ஒசரம்?"

"இவ்வளவு இருக்கும்," என்று கையை நெஞ்சுக்கு நேரே தூக்கிக் காட்டினார். போனில் அது தெரியாது என்பது அவருக்குத் தோன்றவில்லை.

தீயணைப்பு வண்டியின் படியில், நெற்றியில் பஞ்சை அழுத்தியபடி துணை விமானி உட்கார்ந்திருந்தாள். அவர் பேசியதெல்லாம் அவள் காதில் விழுந்திருந்தது; அவர் காட்டிய உயரத்தையும் பார்த்தாள்.

இல்லை என்று தலையசைத்தாள்.

பிறகு எழுந்து நின்று, குதிகாலை உயர்த்தி, எட்டும் மட்டும் கையை மேலே தூக்கினாள்.